மக்காச்சோளத்துக்கு எதற்கு மூஞ்சி?

எனக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று உலகத்தில் இருக்க முடியாது. இது என் கருத்து அல்ல, என் அம்மாவின் கருத்து. அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். எங்கள் இரண்டு பக்கத்து வம்சத்திலும் பள்ளிக்கூடம் கட்டியவர்கள் உண்டு. உள்ளே போய் உட்கார்ந்தவர்கள் கிடையாது. முதலில் போனவள் நான். போனவள் அதோடு நிற்காமல் கடலூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் பட்டமும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து சகல அறிவையும் ஒரே மூட்டையாகக் கட்டி என் தலையில் ஏற்றிவிட்டார்கள் என்று அம்மா நம்ப ஆரம்பித்தாள்.

பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடவில்லையா? "இரு, எம் பொண்ணக் கூப்புடுறேன், காலேஜ் படிச்சிருக்குது." எதிர்வீட்டுக் கோழி முட்டை போடவில்லையா? "எம் பொண்ணு பாத்து சொல்லும்." ஒரு தடவையாவது நான் "தெரியாது" என்று சொல்லியிருக்கலாம். சொன்னதில்லை. மிக்ஸியைக் கவிழ்த்துப் பார்த்து, இரண்டு தட்டு தட்டி, "காயில் போயிருக்கு" என்பேன். (காயில் என்றால் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.) கோழியின் கண்ணை உற்றுப் பார்த்து, "சத்துக் குறைவு" என்பேன். அம்மா முகத்தில் ஒரு ஒளி வரும் பாருங்கள், அதற்காகவே இன்னும் நாலு கோழிக்கு வைத்தியம் பார்க்கலாம்.

இந்த லட்சணத்தில் நான் தொழில் தொடங்கினேன். 2008ஆம் வருடம். சிதம்பரத்தில், அண்ணாமலை நகர் போகிற வழியில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் ஒரு டீக்கடைக்கும் நடுவில், இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் முட்டி இடிக்கும் ஒரு இடம். வாசலில் போர்டு: 'மலர் சர்வீஸ் சென்டர் - இங்கு எல்லா வேலைகளும் நேர்த்தியாகச் செய்து தரப்படும்.' மலர்க்கொடி என்பது என் பெயர். 'எல்லா வேலைகளும்' என்பது என் கர்வம்.

உண்மையில் அங்கே ஒரே ஒரு வேலைதான் நடந்தது. கல்லூரிப் பையன்களுக்கு ரெக்கார்ட் நோட்டில் படம் வரைந்து கொடுப்பது. தாவரவியல் படிக்கிறவர்கள் செடியின் தண்டையும் வேரையும் குறுக்காக வெட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பார்த்ததைப் பென்சிலால் வரைய வேண்டும். அவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளே உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பேன். சூரியகாந்தித் தண்டு, மக்காச்சோளத் தண்டு, அவரை வேர். வரைந்து வரைந்து, ஒரு வட்டம் போட்டுவிட்டால் மீதியைக் கை தானாகப் பார்த்துக்கொள்ளும் என்ற நிலைக்கு வந்திருந்தேன். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதுதான் என்னைக் கவிழ்த்தது.

கடையை நான் ஆரம்பித்ததில் எங்கள் மாமாவுக்குச் சம்மதம் இல்லை. மாமா அம்மாவின் தம்பி, கடலூர் ஓல்டு டவுனில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். தெரிந்த ஜவுளிக்கடையில் எனக்கு பில் போடுகிற வேலை சொல்லி வைத்திருந்தார். "ஏசி புள்ள. ஒக்காந்த எடத்துல வேல. படிச்ச பொண்ணு வெயில்ல போர்டு மாட்டிகினு நிக்கறதுக்கா உங்க அப்பன் சாரத்துல ஏறி எறங்கறான்?" என்று தினமும் கேட்பார். கடைசியில் வீட்டில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. தை பிறப்பதற்குள் கடை தன் காலில் நின்றால் நடத்தலாம். நிற்கவில்லை என்றால் போர்டைக் கழற்றிவிட்டு ஜவுளிக்கடை. அப்பா தலையாட்டினார். நான், "கார்த்திகையிலேயே நின்னுடும் பாருங்க" என்றேன்.

கார்த்திகையில் கடை நிற்கவில்லை. செமஸ்டர் லீவு விட்டதால் படுத்துவிட்டது.

அப்போதுதான் சபீனா அக்கா வந்தார். பரங்கிப்பேட்டைக்காரர், பி.எட். படித்துக்கொண்டிருந்தார், பாடம் நடத்த சார்ட் வரைந்து வாங்க வந்தவர். நான் செம்பருத்திப் பூவுக்கு வர்ணம் தீட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏம்மா, நீ மெஹந்தி போடுவியா?" என்றார்.

"போடுவேங்க்கா."

யோசிக்கவே இல்லை. அவர் கேள்வியை முடித்தாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

அவர் தங்கைக்கு அடுத்த வாரம் நிக்காஹ். அவர்கள் வீட்டு எல்லாக் கல்யாணத்துக்கும் லால்பேட்டையிலிருந்து ஒரு அம்மா வந்துதான் மெஹந்தி போடுவாராம். இந்தத் தடவை அந்த அம்மாவின் மகளுக்குப் பிரசவம், வர முடியாது என்று சொல்லிவிட்டார். "மாப்பிள்ள வீட்டுக்காரங்க ரொம்பப் பாப்பாங்கம்மா. பொண்ணு கை நல்லா அமையணும். நீ நல்லாப் போட்டேன்னு வையி, எங்க தெருவுல மட்டும் தை மாசத்துக்குள்ள நாலு கல்யாணம் இருக்கு. எல்லாம் ஒனக்குத்தான்."

நாலு கல்யாணம். என் கண் முன்னால் கடை எழுந்து நின்றது. நின்றதோடு இல்லாமல் மாடியும் கட்டியது.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் சபீனா அக்கா. "மயிலு, கிளி, யானை, பொண்ணு மாப்பிள்ள மூஞ்சி, இந்த மாதிரி உருவம் எதுவும் போடக்கூடாது. எங்க வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க. பூ, இலை, கொடி போதும்."

நான் சிரித்தேன். எவ்வளவு கர்வமான சிரிப்பு என்பதை இப்போது நினைத்தாலும் பல் கூசுகிறது. "பூ, இலை, கொடியா? அக்கா, நான் மூணு வருஷம் அத மட்டும்தான் படிச்சேன்."

அன்று மாலையே கீழவீதியில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் மெஹந்திக் கோனும், ஒரு டிசைன் புத்தகமும் வாங்கினேன். கடலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் பிரித்துப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் மயில். மயில் இல்லாத பக்கத்தில் யானை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கையிருக்கப் புத்தகம் எதற்கு?

ஒத்திகைக்கு ஒரு கை வேண்டும். அம்மாவின் கைதான் கிடைத்தது. சிமெண்டும் ஜல்லியும் தேய்த்துத் தேய்த்து அந்த உள்ளங்கையில் ரேகையே பாதிதான் மிச்சம். கோனை எப்படிப் பிடித்தாலும் சொட்டுச் சொட்டாகக் கொட்டியது. "மொத்தமா அமுக்காத. பூச்சு வேலை மாதிரி நெனச்சிக்க, கொஞ்சமா உடு" என்று அம்மாவே யோசனை சொன்னாள். ஒரு சூரியகாந்திப் பூ வந்தது. அம்மா மறுநாள் அதோடு வேலைக்குப் போய், சைட்டில் இருந்த எல்லோரிடமும் கையை நீட்டி நீட்டிக் காட்டியிருக்கிறாள். சாயந்திரம் வரும்போது பூவைக் காணோம். நாலு சட்டி கலவையோடு போய்விட்டது.

என் மொத்தப் பயிற்சி அவ்வளவுதான்.

நிக்காஹுக்கு முதல் நாள் மதியம் பி.முட்லூரில் இறங்கி, பஸ் மாறி, பரங்கிப்பேட்டைக்குப் போனோம். போனோம் என்றால், அம்மாவும் வந்தாள். துணைக்கு என்று சொன்னாள். விளம்பரத்துக்கு என்பதுதான் உண்மை. கல்யாண வீட்டில் பெண்கள் இருந்த கூடத்தில் எங்களுக்குப் பாய் விரித்து, ஃபிரிட்ஜில் வைத்த ரோஸ்மில்க் கொடுத்து, பலகாரத் தட்டு வைத்தார்கள். நான் கோனை எடுத்து வைப்பதற்குள் அம்மா சுற்றி இருந்த எல்லோரிடமும் என் மார்க் வரை சொல்லி முடித்திருந்தாள்.

"எங்க ஜனத்துலயே இதான் மொத படிப்பு. செடியப் பத்தி எது கேட்டாலும் சொல்லும்."

மணப்பெண் நஸ்ரின் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் தலையணை வைத்து, அதன்மேல் இடது கையை நீட்டினாள். பத்தொன்பது இருபது வயதிருக்கும். நான் கோனை இரண்டு தடவை உதறினேன். பார்ப்பவர்களுக்கு அது தொழில் நுணுக்கம் போலத் தெரிந்தது. சுற்றிலும் பெண்கள். கூடத்துத் தலைமை நஸ்ரினின் பெரியம்மாவுக்கு. அவர் ஒரு கட்டிலில் சாய்ந்தபடி, "ஆரம்பிம்மா, அல்லா பேரைச் சொல்லி" என்றார்.

பூ, இலை, கொடி. எல்லாம் மறந்துபோயிற்று. எந்தப் பூ? எந்த இலை? எங்கே ஆரம்பிப்பது? எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதற்காக உள்ளங்கை நடுவில் ஒரு வட்டம் போட்டேன்.

வட்டம் போட்டாயிற்று. மீதியைக் கை பார்த்துக்கொண்டது.

வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். அதற்குள் சின்னச் சின்ன அறைகளாக ஒரு வரிசை. அதற்கும் உள்ளே, மணி கோத்த மாதிரி, சுற்றிலும் சம இடைவெளியில், தண்ணீர் ஏற்றும் குழாய்க் கற்றைகள். அது சூரியகாந்தித் தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றம் என்று பாதி வரைந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. நிறுத்தலாம் என்று நினைப்பதற்குள், "மாஷா அல்லாஹ், அட்டிகை மாதிரி இருக்கு" என்று யாரோ சொன்னார்கள். இன்னொருத்தர், "லால்பேட்டை அம்மா போடுறதவிட நைஸா இருக்கே" என்றார். சபீனா அக்கா என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். அதற்குமேல் யார் நிறுத்துவார்கள்? விரல்களில் இலைத்துளைகள் வரைந்தேன். அவரை விதை மாதிரி இரண்டிரண்டாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. பழக்க தோஷத்தில், படம் முடிந்ததும் பாகம் குறிக்கிற கோடுகளையும் நெட்டாக இழுத்துவிட்டேன். சுண்டுவிரலில் 'புறத்தோல்' என்று எழுதப் போய், முதல் எழுத்திலேயே சுதாரித்து அதை ஒரு இலையாக மாற்றினேன்.

"இது என்னா டிசைனுங்க?" என்றாள் ஒருத்தி.

"பம்பாய் டிசைன்," என்றேன்.

"எம் பொண்ணுக்குத் தெரியாத டிசைனே இல்ல," என்றாள் அம்மா, அதிரசத்தை மென்றுகொண்டே.

அடுத்தது வலது கை. "அந்தக் கையில எடம் நெறைய உட்டுட்ட," என்றார் பெரியம்மா. "இந்தக் கையில ஜாஸ்தியாப் போடு. வெத்தெடமே தெரியக்கூடாது. கை பூரா நெறைஞ்சிருக்கணும்."

இடம் தெரியாமல் நிறைந்திருக்கும் படம் எது என்று மூளை ஒரு விநாடி தேடியது. தேர்வில் கேள்வி கேட்ட மாதிரி பளிச்சென்று பதில் வந்தது. மக்காச்சோளத் தண்டு. அதில்தான் கற்றைகள் வட்டமாக நிற்காமல் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும். நான் ஆனந்தமாக ஆரம்பித்தேன். ஒரு நீள்வட்டம், அதற்குள் மேலே பெரிய துளை இரண்டு, நடுவில் சின்னதாக ஒன்று, கீழே அகலமாக ஒரு குழி. ஒன்று, அதன் பக்கத்தில் ஒன்று, அதன் கீழே ஒன்று. முறைப்படி வரைந்தால் ஒவ்வொரு கற்றையும் தண்டின் வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். அப்படித் திருப்பித் திருப்பி வரைந்தால் நேரமாகும் என்பதால், கடையில் வழக்கமாகச் செய்கிற மாதிரி எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்க்க வைத்தேன். நஸ்ரினுக்கு எதிரே நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். மணப்பெண் பார்க்க நேராக இருக்கட்டும் என்று போட்டதால், என் பக்கமிருந்து பார்க்க அவை தலைகீழாக இருந்தன. அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மணிக்கட்டு வரை நிரப்பிவிட்டு நிமிர்ந்தேன். நஸ்ரின் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகு நேரமாக அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் போல. மெதுவாக, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

"அக்கா, இதெல்லாம் என்னையே பாக்குது."

"எது?"

"இதெல்லாம்."

எழுந்து அவள் பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். அத்தனை வருடம் நான் வரைந்த மக்காச்சோளத்தை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். மேலே இரண்டு கண். நடுவில் மூக்கு. கீழே ஆவென்று திறந்த வாய். உள்ளங்கை முழுக்க, விரல் முழுக்க, மணிக்கட்டு வரை மூஞ்சிகள். திருவிழாக் கூட்டம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு, எல்லாம் ஒரே பக்கம் திரும்பி, மணப்பெண்ணை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.

உருவம் கூடாது என்று சொன்ன வீட்டில், மணப்பெண் கையில், ஒரு ஊர் ஜனத்தையே வரைந்து வைத்திருந்தேன்.

பெரியம்மா மூக்குக்கண்ணாடி கேட்டார். கண்ணாடி வந்தது. கட்டிலிலிருந்து இறங்கி வந்தார். கையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"கண்ணு இருக்கு. வாயி இருக்கு," என்றார். "எல்லாம் வாயத் தொறந்துகிட்டு நிக்குதே, என்னாம்மா இது? பசிக்குதாமா?"

சபீனா அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. அப்போதும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், "பூ விரியிற மாதிரி" என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அம்மா விடவில்லை.

"எம் பொண்ணு சும்மா போடாதும்மா. அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கும். சொல்லு புள்ள."

கேள்வி கேட்டால் பதில் சொல்லியே பழகிவிட்ட வாய். விறைப்பாக நிமிர்ந்து நின்று சொன்னேன்: "இது ஒருவித்திலைத் தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றம். கற்றைகள் சிதறிக் காணப்படும். ஒவ்வொரு கற்றையும் மண்டை ஓடு வடிவத்தில் இருக்கும்."

பாடப்புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. அந்த வரிக்குத் தேர்வில் எனக்கு மார்க் கொடுத்திருக்கிறார்கள்.

"மண்டை ஓடா?" என்றார் பெரியம்மா.

நஸ்ரின் அழ ஆரம்பித்தாள்.

கழுவு, கழுவு என்று ஆளாளுக்கு ஓடினார்கள். கிணற்றடியில் வைத்துக் கழுவினார்கள். மேலே இருந்த பசை போனதும் நிலைமை இன்னும் மோசமானது. அதுவரை கறுப்பாகக் கிடந்த மூஞ்சிகள், குளித்துவிட்டு வந்த மாதிரி, ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று சிரித்தன. எனக்கு வேதியியலும் ஒரு பாடமாக இருந்தது. கறையைப் போக்க அமிலம். "எலுமிச்சம்பழம் இருக்கா? தேய்ச்சா போயிடும்," என்று நானே வாங்கி, நானே பிழிந்து, நானே தேய்த்தேன்.

"எலுமிச்சம்பழமா?" என்று உள்ளிருந்து யாரோ ஓடி வந்தார்கள். "செவக்கறதுக்குப் போடுறதும்மா அது."

அதற்குள் சிவந்துவிட்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து புடவைத் தட்டோடு மாப்பிள்ளையின் தங்கை ரிஸ்வானா வந்திருந்தார். சபீனா அக்கா என் தோளைப் பிடித்து, "நீ ஒண்ணும் பேசாத. தயவுசெஞ்சி ஒண்ணும் பேசாத," என்றார். நான் தூணோடு தூணாக நின்றுகொண்டேன். நாலு கல்யாணம் போயிற்று. தை மாதம், ஜவுளிக்கடை, ஏசி. அதெல்லாம்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. நாளைக்கு நிக்காஹ் நடக்கும்போது அந்தப் பெண் கையை எங்கே வைத்துக்கொள்வாள் என்பதுதான் தாங்க முடியவில்லை.

ரிஸ்வானா நேரே நஸ்ரினிடம் போனார். "மெஹந்தி போட்டாச்சா? காட்டு." நஸ்ரின் இடது கையை நீட்டினாள். "இன்னொரு கை?" நஸ்ரின் அதை முந்தானைக்குள் ஒளித்தாள். ரிஸ்வானா சிரித்துக்கொண்டே பிடித்து இழுத்து, விரித்துப் பார்த்தார்.

பார்த்தார். கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். தூர வைத்துப் பார்த்தார்.

"இத நான் எங்கியோ பாத்திருக்கேனே," என்றார்.

சபீனா அக்கா அவசரமாகப் புடவைத் தட்டை வாங்கிக்கொண்டார்.

"மக்காச்சோளத் தண்டுதானே இது? எல்லாம் ஒரே பக்கம் பாத்துகிட்டு." சட்டென்று தலையைத் தூக்கினார். "யாரு போட்டது?"

அந்த மகராசி ஒரு கல்லூரியில் தாவரவியல் பாடம் நடத்துகிறவர் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. "வருஷம் பூரா ரெக்கார்ட் நோட்டுல இந்த மூஞ்சிங்களத் திருத்தித் திருத்தி எங் கை ஓஞ்சு போச்சு. நோட்டுக்கு நோட்டு இதே மூஞ்சி, இதே பக்கம் திரும்பி. வெளிய பாக்கணும்டா, வெளிய பாக்கணும்டான்னு சொல்லி மார்க்கக் கொறச்சாலும் அடுத்தவன் நோட்டுலயும் இதேதான். யார்றா வரைஞ்சு குடுக்குறதுன்னு கேட்டா ஒருத்தனும் வாயத் தொறக்கல."

தூணுக்குள் புகுந்துவிடலாமா என்று பார்த்தேன். அம்மா எழுந்து நின்றாள். அவள் முகத்தில் அதே ஒளி.

"எம் பொண்ணுதாம்மா. அண்ணாமலை நகர் போற வழியில கடை. டீக்கடைக்குப் பக்கத்துல."

ரிஸ்வானா என்னைப் பார்த்தார். நான் அவர் காலைப் பார்த்தேன். பிறகு ஒரு சத்தம் வந்தது. அழுகிறாரோ என்று நிமிர்ந்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து, அழுதுகொண்டிருந்த நஸ்ரினும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"இது உருவம் இல்ல பெரியம்மா. செடி. சோளத்தண்ட வெட்டிப் பாத்தா உள்ள இப்புடித்தான் இருக்கும்," என்றார் ரிஸ்வானா.

"சோளத்துக்கு எதுக்கும்மா மூஞ்சி?" என்றார் பெரியம்மா.

தாவரவியலில் இதற்குப் பதில் இல்லை. நாங்கள் இருவருமே பட்டதாரிகள்.

கடைசியில் வழி சொன்னது ரிஸ்வானாதான். டிசைனே வேண்டாம், மருதாணி இலையை அரைத்து விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை அப்பிவிட்டால் மூஞ்சியெல்லாம் அடியில் போய்விடும். பின்கட்டில் செடி இருக்கிறது, பறித்து வா என்று என்னைத்தான் அனுப்பினார்கள். பின்கட்டில் இரண்டு புதர்கள் நின்றன. இரண்டிலும் சின்ன இலை. எனக்குச் செடியை முழுதாகத் தெரியாது. குறுக்காக வெட்டி வைத்தால் தெரியும். யாரையாவது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இரண்டிலும் பாதிப் பாதி பறித்துக்கொண்டு போனேன். பெரியம்மா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு பாதியைத் தூக்கி வெளியே எறிந்தார்.

மறுநாள் நஸ்ரினின் வலது கை குங்குமத்தில் முக்கி எடுத்த மாதிரி ஒரே சிவப்பாக இருந்ததாம். இடது கையில் சூரியகாந்தித் தண்டு. மாப்பிள்ளை வீட்டார் ரொம்ப அழகு என்று சொன்னதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். அந்தத் தெருவின் மற்ற நாலு கல்யாணத்துக்கும் லால்பேட்டை அம்மா வந்தார். பேரன் பிறந்திருந்தானாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள். அவர்கள் கட்டிக் கொடுத்த பலகாரப் பை அவள் மடியில் இருந்தது. எனக்கு ஒரு விஷயம் தெரியாது என்பது அம்மா முன்னால் நிரூபணமானது அதுதான் முதல் தடவை. என்ன சொல்லப் போகிறாளோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். புதுச்சத்திரம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்.

"ஏம் புள்ள, சோளத்துக்கு நெசமாவே மூஞ்சி இருக்கா?"

"இருக்கும்மா. தண்ட வெட்டிப் பாத்தா."

"சின்ன வயசுல கூலிக்குப் போயி எவ்ளோ சோளம் அறுத்திருப்பேன் நானு," என்றாள். "பாவம்."

அடுத்த வாரம் ரிஸ்வானா கடைக்கே வந்துவிட்டார். போர்டை ஒரு தடவை படித்தார். 'எல்லா வேலைகளும்' என்ற இடத்தில் அவர் கண் கொஞ்சம் நின்றது. "மொதல்ல பசங்களுக்கு ரெக்கார்ட் வரைஞ்சு குடுக்கறத நிறுத்துங்க. அவுங்கவுங்க வரைஞ்சு கத்துக்கட்டும்," என்றார். சரி என்றேன். என் ஒரே வியாபாரமும் அதோடு முடிந்தது. பிறகு, "எங்க லேப்ல சுவத்துல மாட்டப் பெரிய சார்ட் வேணும். வரைவீங்களா?" என்றார்.

வாய் வரைக்கும் வந்த "வரைவேன்" என்ற சொல்லை வாழ்க்கையில் முதல் முறையாக நிறுத்தி, "எந்தப் படம்?" என்று கேட்டேன்.

"மக்காச்சோளம்," என்றார். "எல்லாம் வெளிய பாக்கணும்."

அந்தச் சார்ட்டைப் பார்த்து இன்னொரு கல்லூரி கேட்டது, அப்புறம் பள்ளிக்கூடங்கள். தை பிறந்தபோது கடை நின்றுகொண்டிருந்தது. ஒற்றைக் காலில்தான், ஆனாலும் நின்றது. மாமா வந்து பார்த்துவிட்டு, "ஏசி இல்ல," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் விஷயத்தை அம்மாவிடமிருந்து கறந்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் போனில் யாரிடமாவது "செஞ்சுடலாங்க" என்று சொன்னால் போதும், எங்கிருந்தாலும் மாமாவின் குரல் வரும்: "மலரு, சூரியகாந்தியா, மக்காச்சோளமா?" தெரிந்த வேலையா, தெரியாத வேலையா என்று அர்த்தம். பாதி நேரம் மக்காச்சோளம்தான். பள்ளி ஆண்டுவிழா மேடை, ஆஸ்பத்திரிச் சுவரில் படம், மளிகைக்கடைக்கு போர்டு என்று எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொன்னேன். ஒரே வித்தியாசம், இப்போதெல்லாம் வரைந்து முடித்ததும் எதிர்ப்பக்கம் போய் நின்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

2012இல் ஒருநாள் நஸ்ரின் போன் செய்தாள். ரிஸ்வானாவுக்குக் கல்யாணம், கட்டாயம் வர வேண்டும், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றாள். "கோன் எல்லாம் எடுத்துட்டு வராதீங்கக்கா. சாப்புட மட்டும் வாங்க."

சிரித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தோம். பேச்சோடு பேச்சாக, "ஒரே டென்ஷன்க்கா. பொண்ணு வர்ற காருக்குப் பூ அலங்காரம் பண்ற ஆளு வரலன்னுட்டான். ஒங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும்..." என்றாள்.

பூ. இலை. கொடி. என் வாய் தானாகத் திறந்தது.

முதல் எழுத்து வெளியே வருவதற்குள், பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எட்டி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். ஈரக் கையாலேயே காதில் வைத்துக்கொண்டு, உலகத்தில் அவள் யாரிடமும் என்னைப் பற்றிச் சொல்லியிராத ஒரு சொல்லை, தெளிவாக, நிதானமாகச் சொன்னாள்:

"அவளுக்குத் தெரியாது கண்ணு."